அவளுக்குச் சரியாக இருந்த கோட்

என் நாத்தனாரைப் பற்றி எழுதப் போகிறேன். நாத்தனார் என்றதும் சண்டைக் கதை என்று ஆசையோடு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். சண்டை உண்டு, இல்லாமல் எப்படி? ஆனால் இது அது இல்லை. என் வீட்டுக்காரருக்கு அக்கா, ஆகையால் எனக்கும் அக்கா. நேரில் 'நீங்க' என்றுதான் பேசுவேன். எழுதும்போது 'அவர்' என்று போட்டால் யாரோ மூன்றாம் மனுஷி மாதிரி இருக்கிறது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

எங்களுக்குச் சலவைக் கடை. கீழே கடை, மேலே வீடு. பின்பக்கம் சலவை இயந்திரங்களோடு என் வீட்டுக்காரர். முன்பக்கம் கல்லாவில் நான். நடுவில், நீராவி இஸ்திரி மேசையில் அக்கா. துணி வந்ததும் யாருடையது என்று ஒரு சின்னச் சீட்டில் பெயர் எழுதி, உட்புறம் ஊசியால் குத்துவது என் வேலை. வருகிறவர்களோடு வாயடிப்பதும் என் வேலைதான். அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். அதனால் அக்கா எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தாள். நாளாக ஆக அது முந்திரி என்று சுருங்கிவிட்டது.

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. தெருவில் எல்லோருக்கும் அவள் மடிப்பு மேடம். அவள் மடித்த சட்டையைப் பெட்டியில் போட்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து எடுத்தாலும் காலர் நிமிர்ந்து நிற்கும். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று துருவுகிறவர்களிடம், "சட்டையை ஒழுங்கா மடிக்கத் தெரிஞ்சவன் யாராவது இருந்தா சொல்லுங்க, யோசிக்கலாம்" என்பாள். அந்த மேசைப் பக்கம் என்னையோ தம்பியையோ நெருங்கவிட மாட்டாள். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று நான் ஒரு சட்டையை மடித்து வைத்தேன். எழுந்து வந்து, அதைப் பிரித்து, மறுபடி மடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவளுக்குக் கஞ்சி வைக்கவே மனசில்லை. வைத்தேன், வைக்காமல் இருப்பேனா? அவள்தான் குடிக்கவில்லை.

அவளுடைய சாப்பாட்டு விஷயம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். கேட்டால் "அப்பவே ஆச்சு" என்பாள். எப்போது ஆனது, எங்கே ஆனது, யாரும் பார்த்ததில்லை. சில வாரம் டீயும் தண்ணீருமாக ஓடும். இன்னும் சில நாள் காலையில் பார்த்தால் டப்பாவில் பிஸ்கட் இருக்காது, வாங்கி வைத்த ரொட்டி முழுசும் இருக்காது. வீட்டில் எலி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பொறி வாங்கி வைத்தார். எலி மாட்டவில்லை. அக்காதான் அந்தப் பொறியை நாள்தோறும் துடைத்து, நிமிர்த்தி வைத்தாள். அதை இன்று நினைத்தால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பார்க்க அவள் ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வயிறு சரியில்லை, வாயு, தூக்கமில்லை என்று ஆளுக்கொரு நோய் சொன்னோம். ஆளுக்கொரு மாத்திரையும் சொன்னோம். ஒரு மத்தியானம் அவள் இஸ்திரி மேசையிலேயே மயங்கிச் சாய்ந்தாள். முழங்கையில் சூடு பட்டுக் கொப்பளித்துவிட்டது. கைக்கு மருந்து போடத்தான் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே டாக்டர் கையைப் பார்த்ததைவிடப் பல்லையும் நகத்தையும் பார்த்ததுதான் அதிகம். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு நெடுநேரம் பேசினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, கைக்குப் போன இடத்தில் வருஷக்கணக்கான நோய் வெளியே வந்தது.

"உணவுக் கோளாறுன்னு சொல்லுவோம்" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் விழித்தார். "சாப்பாட்டுல கோளாறா டாக்டர்? நாங்களும் அதேதானே சாப்பிடுறோம்?"

டாக்டர் சிரிக்கவில்லை. பட்டினி கிடப்பதும், பிறகு அடக்க முடியாமல் சாப்பிடுவதும், சாப்பிட்டதை உடம்பில் தங்கவிடாமல் செய்வதும், எல்லாம் மனதில் பிடித்த நோய் என்று பொறுமையாகச் சொன்னார். பிடிவாதமோ, நாக்கு ருசியோ, அழகுப் பைத்தியமோ இல்லை என்றும் சொன்னார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பசித்தால் சாப்பிட வேண்டும், வயிறு நிறைந்தால் எழுந்திருக்க வேண்டும். மாடு கன்றுக்குத் தெரிந்த இந்தக் காரியத்தில் இவ்வளவு முடிச்சா?

அதற்குப் பிறகு ஓர் ஆலோசகர் அம்மாவிடம் போகத் தொடங்கினோம். கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மேசையெல்லாம் தேடுகிற அம்மா. முதல் நாளே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சட்டதிட்டம் சொன்னார். அக்கா எங்களோடு மேசையில் சாப்பிட வேண்டும். நாங்கள் அவள் தட்டைப் பார்க்கக் கூடாது. "நல்லா சாப்பிட்டே" என்று மெச்சக் கூடாது. "முகம் தெளிஞ்சிருக்கு, கன்னம் வெச்சிருக்கு" என்று வாயைத் திறக்கவே கூடாது. இது எனக்கு விதித்த தண்டனை. ஆனால் என்னைவிட என் வீட்டுக்காரர்தான் தவித்துப்போனார். அக்கா ஒரு ரொட்டியை எடுத்தால் போதும், இவர் அவசரமாக ஜன்னலைப் பார்த்து, "இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி இல்ல?" என்பார். இரண்டாவது ரொட்டி எடுத்தால், "காத்துகூட ஜாஸ்திதான்" என்பார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் பேசிய வானிலையை வானொலியில்கூடப் பேசியிருக்க மாட்டார்கள்.

ஏறுவதும் சறுக்குவதுமாக அவள் தேறினாள். மேசைக்கு வந்தாள், சாப்பிட்டாள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆனது. பழைய உடுப்புகள் இறுக்கிப் பிடித்தன. "அதையெல்லாம் அலமாரியில வெச்சுக்கிட்டு ஏங்க வேணாம். முடியிறப்ப மூட்டை கட்டி யாருக்காவது குடுத்துடுங்க. இப்ப இருக்கிற உடம்புக்கு வாங்குங்க" என்றார் ஆலோசகர் அம்மா. மூன்று பேரும் கடைக்குப் போனோம். சில சட்டைகள் வாங்கினோம், குளிருக்கு நீல நிறத்தில் ஒரு கோட் வாங்கினோம். தோள் இறங்காமல், கை நீளாமல், தைத்து வைத்தது மாதிரி அவளுக்கு உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல வெளியே பார்த்து, மழை வரும்போல் இருக்கிறது என்றார்.

இனி நான் சொல்ல வந்த வாரம்.

அந்த வாரம் அக்கா என்றைக்கும் இல்லாத அமைதியோடு இருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, பேச்சில் ஒரு குத்தல் இல்லை. பக்கத்துச் செருப்புக் கடைக்காரரோடு அவளுக்குத் தண்ணீர் வடியும் குழாய் விஷயமாகப் பழைய பகை. முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தானாகவே போய், "அன்னைக்கு நானும் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் என்னிடம் வந்து, "மேடத்துக்கு என்ன ஆச்சு, லாட்டரி விழுந்துதா?" என்று கேட்டார். அதைவிட அதிசயம், தம்பியை மேசைக்குக் கூப்பிட்டுச் சட்டை மடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். காலருக்குள் விரலை எப்படி விடுவது, கையை எந்த இடத்தில் திருப்புவது என்று நிதானமாக, திட்டாமல். அவர் மடித்ததை அவள் பிரிக்கவில்லை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? என் கையையும் நம்ப ஆரம்பிச்சுட்டா" என்று என்னிடம் மார்தட்டினார்.

அன்று காலை நான் கடை திறக்கக் கீழே வந்தபோது அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள். தன் அலமாரியைக் காலி செய்து, எல்லாவற்றையும் வெளுத்து, இஸ்திரி போட்டு, உறை மாட்டி, கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு. ஒன்று செருப்புக் கடைக்காரரின் மகளுக்கு, ஒன்று மாடிப்படி கழுவ வருகிற அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. வேறு வீடாக இருந்தால் துணியைச் சும்மா மூட்டை கட்டிக் கொடுத்திருப்பார்கள், பார்க்கிறவர்களும் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்கள். எங்கள் கடையில் சீட்டு இல்லாமல், இஸ்திரி இல்லாமல் கைக்குட்டைகூட வெளியே போகாது. அதனால் அந்த வரிசை எங்களுக்கு ஒரு நாள் வேலை மாதிரிதான் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "பழசெல்லாம் கழிச்சுட்டா. அந்தம்மா சொன்னதைச் செஞ்சுட்டா. இனிமே பயமில்ல" என்றார். எனக்கும் நெஞ்சு லேசானது. அக்கா டீ குடித்துவிட்டு, தன் மேசைக்குப் போய்விட்டாள்.

நான் கம்பியில் தொங்கியதை ஆள்வாரியாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தேன். என் பெயர் போட்ட உறையைத் தூக்கினேன். நீலக் கோட்.

முதலில் சீட்டு மாறிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அந்தக் கோட் ஒரு கையில்கூட ஏறாது, என் உடம்பு அப்படி. அது அவளுக்குத் தெரியாதா? உறைக்குள் இருக்கும் சட்டையைப் பார்த்தே அது யார் தோளுக்கு என்று சொல்கிறவள். அடுத்த உறையைப் பார்த்தேன். அந்தக் கடையில் வாங்கிய புதுச் சட்டை. அதற்கு அடுத்ததும் அப்படி. பழையவை எல்லாம் இருந்தன, ஆனால் புதியவையும் இருந்தன. சிறுத்துப்போனதைக் கொடுத்தாள், சரி. சரியாக இருப்பதை ஏன் கொடுக்கிறாள்? வெளியே பல் கிட்டிக்கொள்ளும் குளிர். நாளைக்கு எதைப் போட்டுக்கொள்வாள்?

ஒருவேளை நிறம் பிடிக்கவில்லையோ? வேறு வாங்கப் போகிறாளோ? மறுபடி இளைக்கலாம் என்று திட்டமோ? நான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவள் என்று வீட்டில் பட்டம் வாங்கியவள். அதனால் என் மேலேயே எனக்குச் சந்தேகம். ஆனால் செருப்புக் கடைக்காரர், தம்பி மடித்த சட்டை, இந்தக் கோட், மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல சேதி. சேர்த்துப் பார்த்தால் ஊருக்குக் கிளம்புகிறவள் வீட்டைச் சுத்தம் செய்கிற மாதிரி இருந்தது.

இயந்திரங்கள் பக்கம் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா? நல்லா சாப்பிடுறா, நல்லா பேசுறா. சாகணும்னு நினைக்கிறவ நேத்து ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுவாளா?"

"அப்ப கோட்டை ஏங்க குடுக்கிறாங்க?"

"எனக்கென்ன தெரியும்? பொம்பளைங்க துணி விஷயம்."

"நான் கேட்டுடறேன்."

"கேக்காத!" என்று அதட்டினார். பிறகு குரல் இறங்கியது. "இல்லாததை நாமளே மண்டையில ஏத்தின மாதிரி ஆயிடும். வேணாம்."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் நின்றேன். கேட்டால் தப்பா, கேட்காவிட்டால் தப்பா? கடைசியில் ஆலோசகர் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எனக்கு ஏதாவது குழப்பம் வந்தால் கூப்பிடச் சொல்லியிருந்தார். எனக்கு வருவது அது ஒன்றுதானே.

கோட், சட்டை, செருப்புக் கடை எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். அவர் குறுக்கே பேசவில்லை. "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டார். மேசையில் வேலை செய்கிறாள் என்றேன். "தனியா விடாதீங்க. நேரா கேளுங்க."

"என்னன்னு கேக்குறது?"

"சாகணும்னு நினைக்கிறீங்களான்னு. அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்க. 'தப்பா எதுவும் நினைக்கலையே'ன்னு கேட்டா யாரா இருந்தாலும் 'இல்ல'ன்னுதான் சொல்லுவாங்க."

"கேட்டா அந்த நினைப்பு வந்துடும்னு இவர் சொல்றாரே."

"கேக்குறதால வராதும்மா. ஏற்கெனவே இருந்தா, சொல்றதுக்கு ஒரு வழி கிடைக்கும்."

"ஆனா நல்லா சாப்பிடுறாங்களே! உடம்பு தேறிடுச்சே!" என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது, அவர் என்னவோ என்னை ஏமாற்றிவிட்டாற்போல.

"உடம்பு முன்னாடி ஓடிடும், மனசு பின்னாடிதான் வரும். இந்த நோய் இருக்கிறவங்களுக்கு இந்த நினைப்பு மத்தவங்களைவிட அதிகமா வர வாய்ப்பு இருக்கு. ஒல்லியா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. தட்டைப் பாத்து அதைச் சொல்ல முடியாது. முதல்லயே உங்ககிட்ட சொன்னேனே?"

சொன்னார்தான். அப்போது அக்கா சாப்பிடாமல் இருந்தாள். அது சாப்பிடாதவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டோம். அவள் சாப்பிட ஆரம்பித்ததும் அந்தப் பேச்சையும் தட்டோடு சேர்த்துக் கழுவி வைத்துவிட்டோம்.

"அவங்க 'ஆமா'ன்னு சொன்னா திட்டாதீங்க, சமாதானம் பண்ணாதீங்க. கூட்டிட்டு இங்க வந்துடுங்க. நான் சொல்லி வைக்கிறேன். இன்னைக்கே" என்றார்.

நான் இஸ்திரி மேசைக்குப் போனேன். நீராவி சீறியது. அவள் யாருடையதோ வெள்ளைச் சட்டையை விரித்து வைத்திருந்தாள். எனக்கு வாய் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து சும்மா இருக்கத் தெரியாத வாய், அன்றைக்குப் பார்த்து உலர்ந்துபோய் ஒட்டிக்கொண்டது.

"கோட் பிடிக்கலையாக்கா?"

"நல்ல கோட். அதான் குடுத்தேன்."

"எனக்கு ஏறாதே."

"தெரியும். மாத்தித் தைச்சுக்கோ." சட்டையின் கையை மடித்தாள். "என்ன நிக்கிறே, முன்னாடி ஆள் வந்திருக்கப் போகுது."

"அக்கா," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "சாகணும்னு நினைக்கிறீங்களா?"

இஸ்திரியைத் தாங்கியில் வைத்தாள். சட்டையை மடித்து முடித்தாள். காலரை நிமிர்த்தினாள். கோபப்படுவாள், "பைத்தியமா உனக்கு" என்பாள் என்று காத்திருந்தேன். அப்படி ஒரு திட்டுக்காக நான் அவ்வளவு ஏங்கியது அன்றைக்குத்தான்.

"ஆமா" என்றாள்.

யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் துணிக்கூடை. சமாதானம் சொல்லாதே என்று அந்தம்மா சொல்லியிருந்தார். எனக்கு அதைத் தவிர வேறென்ன தெரியும்? வாய்வரை வந்ததை விழுங்கினேன். இருந்தும் ஒன்று தப்பி வெளியே வந்துவிட்டது.

"நல்லாத்தானே சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க..."

"சாப்பிட்டேன். அதான் எல்லாம் முடிஞ்சுதுன்னு நீங்க நினைச்சுட்டீங்க." அவள் என்னைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்துப் பேசினாள். "முன்னாடி நாள் முழுக்கச் சாப்பாட்டை நினைச்சுக்கிட்டே இருப்பேன். சாப்பிடக்கூடாது, சாப்பிட்டுட்டேன், இனி சாப்பிடமாட்டேன். வேற எதையும் நினைக்க நேரமே இருக்காது. இப்ப நேரம் இருக்கு முந்திரி. இத்தனை வருஷமும் எங்க போச்சுன்னு நினைக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் என் முகத்தைப் பாத்துப் பாத்து சந்தோஷப்படுறீங்க. உள்ள ஒண்ணும் மாறலன்னு எப்படிச் சொல்றது? பாவம், அவன் மழை வருதான்னு பாக்குறான்."

அப்போதுதான் அவள் அழுதாள். எனக்கு முன்னமேயே வந்துவிட்டது. இதில் ஒரு விஷயத்தை இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்தப் பொல்லாத பட்டினியும் தீனியும்தான் அவளைக் கொல்கிறது என்று நினைத்து, அதைப் பிடுங்கி எறியப் பாடுபட்டோம். அதையே பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றுகொண்டிருந்தாளா? பிறகு ஒருநாள் ஆலோசகர் அம்மாவிடம் கேட்டேன், அது விஷமா, ஊன்றுகோலா என்று. "ரெண்டுமா இருந்திருக்கலாம். எனக்கும் எல்லாம் தெரியாதும்மா" என்றார். எனக்குத் தெரிந்த படித்தவர்களில் இப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதனால் நம்புகிறேன்.

பட்டப்பகலில் கடையைச் சாத்தினோம். என் வீட்டுக்காரர் ஈரக் கையோடு ஓடி வந்தார். அக்கா தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, "எனக்கு மடிக்க வரலக்கா. நீ சொல்லிக் குடுத்தது ஒண்ணும் ஏறல" என்று ஏதோ உளறினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அசிங்கமாக, மூக்கு வடிய அழுதார்.

வெளியே கிளம்பும்போது கோட்டை எடுத்து நீட்டினேன்.

"அது உனக்கு. பேர் போட்டாச்சு" என்றாள். அந்த நிலைமையிலும் கடைச் சட்டம்.

"அப்ப என்கிட்ட இரவலா வாங்கிப் போடுங்க. திருப்பித் தரணும்."

கையை நீட்டினாள். நான் மாட்டிவிட்டேன்.

அவளை மருத்துவமனையிலேயே சில வாரம் வைத்துக்கொண்டார்கள். மருந்து கொடுத்தார்கள், பேசினார்கள். வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், செய்தோம். அந்த நினைப்பு தலைதூக்கினால் முதலில் யாரிடம் சொல்வது, நாங்கள் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவது, எந்தக் கட்டத்தில் நேராக மருத்துவமனைக்கு ஓடுவது என்று நாங்கள் இருவரும் அவளோடு உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டோம். செருப்புக் கடைக்காரரும் அந்த ஏற்பாட்டில் இருக்கிறார். அவரைக் கூப்பிடலாம் என்று சொன்னது அக்காதான். மனுஷன் அன்றிலிருந்து தொலைபேசியைச் சட்டைப் பையை விட்டு எடுப்பதில்லை. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இப்போது தேறிவிட்டாளா என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல? சில நாள் மேசைக்கு வருகிறாள், சில நாள் வருவதில்லை. நன்றாகச் சாப்பிடுகிற நாளில் மனசு மோசமாக இருக்கிறது, ஒரு வாய் இறங்காத நாளில் பாட்டு முணுமுணுக்கிறாள். எனக்கு ஒரு கணக்கும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் பழகிக்கொண்டேன். தட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வாயைத் திறந்து கேட்கிறேன். காலையில் முதல் துணியை அவள் மேசையில் வைக்கும்போது, "இன்னைக்கு அந்த நினைப்பு இருக்கா?" என்று கேட்கிறேன். முதலில் அவளுக்கு எரிச்சல். "டீ குடிச்சியான்னு கேக்கிற மாதிரி கேக்குறே" என்றாள். "டீயும்தான் கேக்கறேன்" என்றேன். சில நாள் "இல்ல" என்பாள். சில நாள் "கொஞ்சம்" என்பாள். "இருக்கு" என்ற நாட்களும் வந்தன. கடையைச் சாத்திவிட்டு அவளோடு மருத்துவமனைக்குப் போனோம்.

போன வாரம் ஒருநாள், பள்ளிக்கூடச் சீருடைகள் மொத்தமாக வந்து இறங்கியிருந்தன. கல்லாவுக்கு முன்னால் வரிசை. காலையிலிருந்து நான் அவள் மேசைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் தன் சட்டைப் பொத்தான் உடைந்ததற்கு நாங்கள்தான் காரணம் என்று கத்திக்கொண்டிருந்தார், நானும் விட்டுக்கொடுக்காமல் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது யாரோ என் தோளைத் தொட்டார்கள். அக்கா. வேலை நேரத்தில் அவள் மேசையை விட்டு முன்பக்கம் வந்ததே கிடையாது.

என் காதருகே குனிந்தாள். "இன்னைக்கு நீ கேக்கல" என்றாள்.

பொத்தான்காரரைப் பாதி வார்த்தையில் நிறுத்தினேன். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"காலைலேர்ந்து இருக்கு" என்றாள். "நீ வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். வரல. அதான் நானே வந்தேன்."

வரிசை காத்திருந்தது. நான் கல்லாவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்துவிட்டு, ஆலோசகர் அம்மாவைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தேன்.